கேட்டதைச் சொல்லும் பெட்டி

ஈரோட்டு வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். வீட்டின் முன்கூடத்தில் ரூட்டர். கடைசிப் படுக்கையறைக்கு சிக்னல் எட்டவில்லை. ஒரு வைஃபை ரிப்பீட்டர் வாங்கிவந்து அந்தப் படுக்கையறையிலேயே, கட்டில் பக்கத்து பிளக்கில் சொருகிவிட்டார். இப்போது போனில் எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நிற்கின்றன. வீடியோ மட்டும் முன்னைவிட அதிகமாகச் சுற்றுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்பது அவருடைய சந்தேகம்.

கடைக்காரர் மேல் பழி இல்லை. போனில் தெரியும் கோடுகள், போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில் எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, கோடு நிமிராமல் என்ன செய்யும்? ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் நடக்கும் கூத்து போனுக்குத் தெரியாது. இரண்டு செங்கல் சுவர், ஓர் இரும்பு பீரோ, ஒரு ஃப்ரிட்ஜ் எல்லாம் தாண்டி வரும் அரைகுறைச் சத்தத்தைத்தான் அந்தப் பெட்டி கேட்டுக்கொண்டிருக்கிறது. காதில் விழாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் செத்துப்போன இடத்தில் ரிப்பீட்டர் வைத்துப் பயனில்லை. இன்னும் உயிரோடிருக்கும் இடத்தில், ஏறக்குறைய பாதி வழியில், கதவு நிலைக்கு நேராகவோ நடையிலோ வைக்க வேண்டும்.

வேகம் குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விலை மலிவான ரிப்பீட்டர்கள் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் சொல்கின்றன. கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. ஒரே தகவல் காற்றில் இரண்டு முறை பயணிப்பதால் நேரம் இரட்டிப்பாகிறது. இரு அலைவரிசை உள்ள பெட்டி, ஒன்றில் கேட்டு மற்றொன்றில் சொன்னால் இந்த நஷ்டம் குறையும். சுவரோரமாக ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்து, மறுமுனையில், அங்கிருந்தே வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் வைத்துவிட்டால் ரிப்பீட்டரே வேண்டாம். சுவரில் ஒயர் தெரிந்தால் அசிங்கம் என்று நினைக்கிற வீடுகளில் இந்த யோசனை எடுபடுவதில்லை.

கடிதத்துக்குப் பதில் இத்துடன் முடிந்தது. ஆனால் 'எங்கே வைப்பது' என்ற அவருடைய கேள்விதான் தொலைத்தொடர்பின் வரலாறு முழுக்க வந்துகொண்டே இருக்கிறது.

மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த பிறகே சாப்பிடுவார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. இடையில் 70 கிலோமீட்டருக்கு மேல் தூரம். வழி நெடுக மணி மண்டபங்கள் கட்டி, கோயில் மணி ஒலித்ததும் அடுத்த மண்டபத்து ஆள் தன் மணியை அடிக்க, அதைக் கேட்டு அதற்கடுத்தவர் அடிக்க, இப்படியே செய்தி அரண்மனைக்குப் போய்ச் சேருமாம். திருச்செந்தூருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நடுவே கட்டபொம்மன் இதே ஏற்பாடு வைத்திருந்ததாகத் தென்பாண்டிச் சீமையில் சொல்வார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டாவது மண்டபத்துக்காரர் முதல் மணியின் ஓசையைப் பெரிதாக்கவில்லை. 'அடித்தாயிற்று' என்று தெரிந்துகொண்டு, தன் மணியைப் புதிதாக அடிக்கிறார். வந்த ஓசை எவ்வளவு மெலிந்திருந்தாலும் போகும் ஓசை கணீரென்று போகும். காற்றின் இரைச்சலும் வண்டிச் சத்தமும் அந்த மண்டபத்தோடு நின்றுவிடும். இன்றைய டிஜிட்டல் ரிப்பீட்டர் செய்வது இதுதான்: வந்தது ஒன்றா, பூஜ்யமா என்று தீர்மானித்து, பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதிதாக ஒன்றோ பூஜ்யமோ அனுப்பும். இதற்கும் ஒரு விலை உண்டு. இடையில் எவராவது ஆட்டுக்கழுத்து மணியைக் கோயில் மணி என்று நினைத்துவிட்டால், அந்தத் தவறும் அதே கணீரோடு மதுரை வரை போகும். நாயக்கர் ஆண்டாளுக்கு முன்பே இலையில் உட்கார்ந்துவிடுவார்.

இடையில் ஆள் வைக்காமல், தொடக்கத்திலேயே ஓங்கிக் கத்தினால் என்ன? கத்திப் பார்த்திருக்கிறார்கள். 1858இல் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கேபிள் போடப்பட்டது. நடுக்கடலில் ரிப்பீட்டர் வைக்க அன்று வழியில்லை. விக்டோரியா ராணி அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்தது. மறுமுனையில் சிக்னல் அவ்வளவு மெலிந்து, ஒன்றோடொன்று குழம்பி வந்தது. கம்பெனியின் மின்பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ், அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சுமார் 2,000 வோல்ட்டை உள்ளே செலுத்தினார். உறை ஏற்கெனவே பலவீனமாக இருந்த கேபிள் தாங்கவில்லை. மூன்று வாரம்போல ஓடிவிட்டு ஒரேயடியாக மௌனமாயிற்று.

தரையில் கதை வேறு. தந்தியில் மெலிந்து வந்த மின்னோட்டம் ஒரு சின்ன மின்காந்தத்தை இழுக்கும். அது ஒரு சாவியை மூடும். சாவி புது பேட்டரியிலிருந்து புது மின்னோட்டத்தை அடுத்த கம்பிக்கு அனுப்பும். மண்டபத்து ஆளின் வேலையை ஒரு ரிலே பார்த்தது. தொலைபேசி வந்ததும் இது பலிக்கவில்லை. குரல் என்பது 'உண்டு, இல்லை' அல்ல. அதன் நெளிவு சுளிவெல்லாம் அப்படியே பெரிதாக வேண்டும். அதற்கு வெற்றிடக் குழல், அதாவது பழைய ரேடியோ வால்வு, வரவேண்டியிருந்தது. 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் உட்கார்ந்து கிரஹாம் பெல், சான் பிரான்சிஸ்கோவிலிருந்த தன் பழைய உதவியாளர் வாட்சனோடு பேசினார். 'இங்கே வா' என்ற தன் பழைய முதல் அழைப்பைத் திரும்பச் சொன்னபோது, வர ஒரு வாரமாகுமே என்றாராம் வாட்சன். கண்டத்தைக் கடந்த அந்தக் கம்பியின் நடுவே வால்வு ரிப்பீட்டர்கள் இருந்தன.

வால்வு பெரிதாக்கும், கூடவே குரலைக் கொஞ்சம் கோணலாகவும் ஆக்கும். ஒரு ரிப்பீட்டரில் அந்தக் கோணல் காதுக்குத் தெரியாது. பத்து, இருபது, ஐம்பது என்று வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றின் கோணலும் சேர்ந்து பேச்சு புரியாமல் போகும். பெல் ஆய்வகத்துக்காக இதோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர் ஹரால்ட் பிளாக் என்ற இளம் பொறியாளர். 1927 ஆகஸ்ட் 2 காலையில் வேலைக்குப் போகும் வழியில், ஹட்சன் ஆற்றுப் படகில் நிற்கும்போது அவருக்கு விடை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே படம் போட்டு, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். வேண்டியதைவிடப் பல மடங்கு பெரிதாக்கும் பெருக்கியைச் செய்வது. வெளியே வருவதில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி நுழைவாயிலுக்கே திருப்பி அனுப்புவது. பெருக்கி தன் பிழையைத் தானே கேட்டுக் கழித்துக்கொள்ளும். பெருக்கத்தில் பெரும்பகுதி வீணாகும், மிஞ்சுவது சுத்தமாக இருக்கும். கஷ்டப்பட்டுப் பெருக்கியதை வேண்டுமென்றே வீணடிப்பதா என்று கேட்டவர்கள் உண்டு. காப்புரிமை கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயிற்று.

திருப்பி அனுப்புவதைத் தலைகீழாக்காமல் அப்படியே அனுப்பினால் என்ன ஆகும் என்பது கல்யாண மண்டபத்துக்குப் போன எல்லோருக்கும் தெரியும். மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்ததும் வாழ்த்துரையை விழுங்கிக்கொண்டு ஓர் ஊளை கிளம்புமே, அதுதான். ரிப்பீட்டர் தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதாலேயே கேட்டால் அதற்கும் இதே ஊளை நோய் வரும். செயற்கைக்கோள்கள் இதனால்தான் ஓர் அலைவரிசையில் கேட்டு வேறொன்றில் பேசுகின்றன. சி-பேண்டில் 6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்டு 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இறக்கிவிடுவது நெடுநாள் வழக்கம்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டித்தான் ஆக வேண்டும். நகரத்து மொட்டை மாடிகளில் மொபைல் சிக்னல் பூஸ்டர் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஆன்டெனா மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே ஒரு ஆன்டெனா, உள்ளே ஒன்று, நடுவில் சாதி தெரியாத ஒரு பெருக்கி. பூஸ்டர் கேட்கும் அலைவரிசையிலேயே பேசுகிறது. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே போதிய தடுப்பு இல்லையென்றால் கல்யாண மண்டப ஊளைதான். ஒரே வித்தியாசம், அது காதில் விழாது. ஊளை போய் விழுவது பக்கத்து டவரின் காதில். ஒருவர் வீட்டு வரவேற்பறையில் கோடு நிமிர்வதற்காகத் தெரு முழுவதும் அழைப்பு அறுந்துகொண்டிருக்கும். உரிமம் இல்லாமல் இந்தப் பெட்டியை வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் சட்டப்படி குற்றம். தொலைத்தொடர்புத் துறை எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆன்லைன் கடைகளில் பண்டிகைத் தள்ளுபடியும் தொடர்கிறது. வீட்டுக்குள் சிக்னல் வராவிட்டால் வைஃபை வழியாகவே பேசும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் இருக்கிறது. செட்டிங்ஸில் ஒரு பொத்தான், காசு கிடையாது.

ரிப்பீட்டர்களிலேயே தனி மரியாதைக்குரியவை என்று சில உண்டு. அவற்றைப் பார்க்க மறுபடி கடலுக்குள் போக வேண்டும்.

தந்தி போனாலும் பேச்சு மட்டும் அட்லாண்டிக்கின் அடியில் 1956 வரை போகவில்லை. வழி நெடுக ரிப்பீட்டர் வேண்டும், அதற்குக் கரையிலிருந்து மின்சாரம் போக வேண்டும், நான்கு கிலோமீட்டர் ஆழத்து அழுத்தத்தைத் தாங்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய நிபந்தனை: கெட்டுப்போகக் கூடாது. கெட்டால் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து, நடுக்கடலில் கொக்கி போட்டுத் துழாவி, கேபிளை மேலே இழுத்து, வெட்டி ஒட்ட வேண்டும். ஒரே ஒரு ரிப்பீட்டர் படுத்தாலும் அந்தத் திசையில் பேச்சு நின்றுவிடும்.

1956 செப்டம்பர் 25 அன்று திறக்கப்பட்ட அந்தக் கேபிளுக்கு டிஏடி-1 என்று பெயர். ஸ்காட்லாந்தின் ஓபனுக்கும் நியூஃபவுண்ட்லாந்தின் கிளாரன்வில்லுக்கும் இடையே போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கேபிள்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 70 கிலோமீட்டருக்கு ஒன்றாக 51 ரிப்பீட்டர்கள். ஒவ்வொரு ரிப்பீட்டரிலும் மூன்று வால்வுகள். ரிப்பீட்டர் என்றால் பெட்டி என்று நினைக்க வேண்டாம். கப்பலின் உருளையில் கேபிளோடு சேர்ந்து வளைந்து போவதற்காக, மலைப்பாம்பு எதையோ விழுங்கியதுபோல ஓரிடத்தில் தடித்த கேபிளாகவே அது இருந்தது. உள்ளே கண்டம் கண்டமாக உறுப்புகள்.

வேடிக்கை அந்த வால்வுகளில்தான் இருக்கிறது. டிரான்சிஸ்டர் 1947இலேயே வந்துவிட்டது. கண்டுபிடித்ததும், இந்த ரிப்பீட்டரை வடிவமைத்த அதே பெல் ஆய்வகம். ஆனாலும் கேபிள் குழுவினர் தங்கள் வீட்டுப் புதுச் சரக்கைத் தொடவில்லை. 1930களில் வடிவமைக்கப்பட்ட, திறன் குறைந்த, காலாவதியானது என்று யாரும் சொல்லக்கூடிய வால்வையே எடுத்துக்கொண்டார்கள். காரணம், அது பல ஆண்டுகளாக ஆய்வகத்தில் எரிந்துகொண்டிருந்தது. எப்படி மூப்படையும் என்பது தெரிந்திருந்தது. டிரான்சிஸ்டர் இருபதாம் வயதில் எப்படி இருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அந்த வால்வையும் முழு வேகத்தில் ஓட்டாமல், குறைந்த வோல்ட்டில், அதிகம் சூடாக்காமல் ஓட்டினார்கள். தூசு புகாத அறைகளில் தயாரித்து, மாதக்கணக்கில் எரியவிட்டு, துளி சந்தேகம் வந்தாலும் கழித்துக்கட்டினார்கள். எது பழுதாயிற்று என்று கரையிலிருந்தே கண்டுபிடிக்க, ஒவ்வொரு ரிப்பீட்டரிலும் சற்றே வேறுபட்ட அதிர்வெண் கொண்ட ஒரு குவார்ட்ஸ் படிகத்தையும் வைத்தார்கள். ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆஜர் எடுப்பதற்கு.

அந்த 102 ரிப்பீட்டர்களும் என்ன செய்தன என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். அலைவரிசையின் மேல்விளிம்பில் ஒவ்வொன்றும் சிக்னலைப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் பெரிதாக்கியது. பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் 51 முறை பெருக்கினால், ஒன்றுக்குப் பின்னால் 300க்கும் மேற்பட்ட சைபர்கள். கண்ணுக்கெட்டும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களை எண்ண 80 சைபர் போதும் என்கிறார்கள். அதாவது, இடையில் ரிப்பீட்டர் இல்லாமல் ஓபனிலிருந்து ஒரு குரலைக் கத்தியே கிளாரன்வில்லுக்கு அனுப்ப, பிரபஞ்சத்திலுள்ள சக்தி முழுவதும் போதாது. வைட்ஹவுஸின் 2,000 வோல்ட் எந்த மூலைக்கு!

திறந்த முதல் 24 மணி நேரத்தில் லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு 588 அழைப்புகள் போயின. 1963இல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே அவசரத் தொடர்பு ஏற்படுத்தியபோது, அதுவும் இந்தக் கேபிள் வழியாகவே சென்றது. 1978இல் கேபிளுக்கு ஓய்வு கொடுத்தபோது, கடலடியில் எரிந்துகொண்டிருந்த அந்த 306 வால்வுகளில் ஒன்றுகூடப் பழுதாகியிருக்கவில்லை. ஆண்டுக்கொரு போன் மாற்றும் காலத்தில் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

அடுத்து வந்தது கண்ணாடி. ஒளியிழை செம்பைவிட எவ்வளவோ மேல். நல்ல இழையில் 100 கிலோமீட்டர் போன பிறகும் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். ஆனால் தேய்மானம் கூட்டுவட்டி மாதிரிதான் ஏறும். அடுத்த 100 கிலோமீட்டரில் அதிலும் நூற்றில் ஒன்று. ஒரு மில்லிவாட் லேசரை இழையின் ஒரு முனையில் மூன்றரை மணி நேரம் விடாமல் எரித்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்துசேர்வது சராசரியாக ஒரே ஒரு ஒளித்துகள். கண்ணாடிக்கும் வழியில் ஆள் வைத்தாக வேண்டும்.

1988இல் அட்லாண்டிக்கின் முதல் ஒளியிழைக் கேபிளான டிஏடி-8, மண்டபத்து ஆள் வழியில் போனது. ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒளியை மின்சாரமாக்கி, ஒன்றா பூஜ்யமா என்று படித்து, புது ஒளியாக அனுப்பியது. சுத்தமான வேலை. ஆனால் படிக்கத் தெரிந்ததாலேயே அது மாட்டிக்கொண்டது. ஓர் இழைச் சோடியில் வினாடிக்கு 280 மெகாபிட் என்ற வேகத்தில் படிக்கப் பழக்கியாயிற்று; அதைவிட வேகமாகச் சொன்னால் அதற்குப் புரியாது. அடுத்த ஆண்டே நல்ல லேசர் வந்தாலும், கடலடியில் கிடப்பதை யார் போய் மாற்றுவது?

விடை எர்பியத்திலிருந்து வந்தது. ஸ்டாக்ஹோம் பக்கத்தில் இட்டர்பி என்று ஒரு சிற்றூர். பீங்கான் செய்யக் கல் வெட்டிய அந்தக் குழியிலிருந்து கிடைத்த கரிய கல் ஒன்றில் தொடங்கி, நான்கு தனிமங்கள் அந்த ஊரின் பெயரைச் சுமக்கின்றன: இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம். நூறாண்டுக்கு மேலாகப் பெரிய வேலை ஒன்றுமில்லாமல் இருந்த எர்பியத்தை 1987இல் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழு கண்ணாடியிழைக்குள் கலந்தது. பெல் ஆய்வகத்தில் எம்மானுவேல் தெசுர்வீரும் அதே காலத்தில் அதே வழியில் போய்க்கொண்டிருந்தார்.

எர்பியம் கலந்த சில மீட்டர் இழையில், 980 நானோமீட்டர் லேசர் ஒளியை ஊட்டுவார்கள். எர்பிய அயனிகள் அதை விழுங்கிவிட்டு, ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குபோலக் காத்திருக்கும். அயனியின் கணக்கில் அது ஒரு யுகம். அந்த நேரத்தில் 1,550 நானோமீட்டர் அருகே சோர்ந்துபோன சிக்னல் ஒளித்துகள் ஒன்று கடந்தால், அயனி தன்னிடமிருந்து இன்னொன்றை வெளிவிடும். அதே நிறம், அதே திசை, அதே தாளம். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இழையின் கடைசியில் கூட்டமே கிளம்பும். கண்ணாடி மிகத் தெளிவாக இருப்பதும் அந்த 1,550 பக்கம்தான் என்பது யாரும் திட்டமிடாத அதிர்ஷ்டம்.

எர்பியத்துக்குப் படிக்கத் தெரியாது. வருவது சினிமாவா, வங்கிக் கணக்கா, என்ன வேகம், எத்தனை நிறம் எதுவும் அதற்குக் கவலையில்லை. பல டஜன் நிறங்களில் பல டஜன் சிக்னல்கள் சேர்ந்து வந்தாலும் ஒரே இழையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிவிடும். கூடவே இரைச்சலையும் பெரிதாக்கும். தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கவும் செய்யும். அதைக் கரையிலுள்ள கணினிகள் பிழைதிருத்தக் கணக்குகளால் சுத்தம் செய்துகொள்கின்றன. 1996இல் முடிந்த டிஏடி-12/13 முதல் அட்லாண்டிக்கில் படித்த ரிப்பீட்டர்களின் காலம் போய், படிக்காதவை உட்கார்ந்துவிட்டன. கம்ப்யூட்டர் அறைகளில் ஒரு காலத்தில் மினுக்கிக்கொண்டிருந்த ஹப் பெட்டிகளும் வெறும் ரிப்பீட்டர்கள்தாம். கேட்டதை எல்லா வாசல்களிலும் ஒப்பித்துக்கொண்டிருந்த அவற்றை, யாருக்கு வந்தது என்று பார்த்து அனுப்பும் ஸ்விட்ச் துரத்திவிட்டது. அங்கே படித்தது ஜெயித்தது, கடலில் படிக்காதது.

சென்னைக் கரையிலும் இப்படிப்பட்ட கேபிள்கள் பல ஏறுகின்றன. சிங்கப்பூர் போவது உண்டு, ஐரோப்பா வரை நீளும் சீ-மீ-வீ 4 உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் நிகோபார் கேபிளின் மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் அந்தத் தீவுகள் பெரும்பாலும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. ஒரு புகைப்படம் அனுப்பப் பொறுமை வேண்டியிருந்தது. இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடையே மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வங்கக் கடல். இதுபோன்ற கேபிள்களின் ரிப்பீட்டர்களை 25 ஆண்டுகள் உழைக்கும் என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். இழையைச் சுற்றியுள்ள மெல்லிய செம்புக் குழாய் வழியே கரையிலிருந்து ஒரே சீராகச் செல்லும் ஏறக்குறைய ஓர் ஆம்பியர் மின்னோட்டம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. சென்னை–போர்ட் பிளேர் தடத்துக்குத் தொடக்கத்தில் கொடுத்த கொள்ளளவு வினாடிக்கு 200 கிகாபிட் வீதம் இரண்டு இணைப்புகள். கூட்ட வேண்டும் என்று பின்னால் தோன்றினால், இழை இடம்கொடுக்கும் வரை கடலைத் தொட வேண்டியதில்லை. இரு கரைகளிலும் உள்ள அறைகளில் கருவிகளை மாற்றினால் போதும்.